ஏரி உருகும் முன் போன கடிதம்

காபி நன்றாக இருக்கிறது, மிஸ்டர் ஹாகன். ஷெரீஃப் ஆபீஸ் காபி கழுநீர் மாதிரி இருக்கும் என்று என் நாவல்களில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இனிமேல் மாற்றி எழுத வேண்டும். உங்கள் மனைவி என் புத்தகங்களைப் படிக்கிறவர் என்று வழியில் சொன்னீர்கள். ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிச் சொல்லிவிடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே பெயரை நாலு விதமாக எழுதுகிறார்கள். தப்பாகப் போட்டுவிட்டால் ஆயுளுக்கும் மன்னிக்க மாட்டார்கள்.

வெண்டல் எப்படி இறந்தார் என்று கேட்கிறீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் புத்தகம் எப்படி விற்கிறது என்பதை முதலில் சொல்லாவிட்டால் பாதியில் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

நன்றாக எழுதினால் தானாக விற்கும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் எட்டுப் புத்தகம் எழுதினேன். ஏரிக்கரையில் தூண்டில் இரை விற்கும் கடை வைத்திருக்கிற டில்லி என்ற விதவை, ஊரில் விழுகிற பிணங்களை எல்லாம் யார் விழவைத்தது என்று கண்டுபிடிப்பாள். கதை ஒன்றும் மோசமில்லை. ஆனால் பதிப்பகத்தார் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, மற்றதை நீயே பார்த்துக்கொள் என்று இருந்துவிடுவார்கள். ஆகவே நானும் வெண்டலும் பார்த்துக்கொண்டோம். நூலகக் கூட்டங்கள், சர்ச் கீழ்த்தளத்துச் சந்தைகள், கவுண்டி பொருட்காட்சியில் பன்றிக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு மேசை. வேலையில் இருந்த காலம் முழுக்கக் கவுண்டிக்குப் பனி வழிக்கும் லாரி ஓட்டியவர் அவர். எப்படிப்பட்ட பனியிலும் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். பெட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டு மேசைக்கு முன்னால் நின்றுகொள்வார்.

"வாங்க வாங்க, ஒரு புஸ்தகம் வாங்கினா ஒரு பொணம் இலவசம்," என்று கூவுவார். "எழுதினது நம்ம வீட்டம்மாதான். நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன், அதனால பயப்படாம கிட்ட வாங்க."

ஜனங்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் பன்றிகளைப் பார்க்கப் போய்விடுவார்கள். எனக்கு உடம்பு கூசும். அவருக்கு அப்படியெல்லாம் தோன்றாது. விற்காத பெட்டிகளை மறுபடி வண்டியில் ஏற்றிவிட்டு, "நல்ல கூட்டம்ல, எழுத்தாளரம்மா?" என்பார். அந்த மனிதர்மேல் நான் உயிரையே வைத்திருந்தேன். இதை நீங்கள் அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளலாம்.

நியூயார்க்கில் என் புத்தகங்களுக்கு விளம்பர வேலை பார்க்கும் டெஸா என்ற பெண்தான் கடித யோசனையைச் சொன்னாள். வாரம் ஒரு தடவை வாசகர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் போக வேண்டும். புத்தகம் வாங்குங்கள் என்று அதில் கேட்கக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று பேசுகிற மாதிரி பேச வேண்டும். நம் நாட்டில் புதுப் புத்தகம் செவ்வாய்க்கிழமைதான் வெளிவரும் என்பதால் செவ்வாய்க் கடிதம் என்று அதற்குப் பெயர் வைத்தேன். கேக் செய்முறை எழுதினேன். தோட்டத்தைத் தின்னும் முயல்களைப் பற்றி எழுதினேன். எத்தனை பேர் கடிதத்தைத் திறந்தார்கள், எத்தனை பேர் திறக்காமலே தள்ளிவிட்டார்கள் என்று கடிதத்தை அனுப்பும் மென்பொருளே காட்டிவிடும். எழுதுகிறவளுக்கு அதைவிடக் கொடுமையான ஏற்பாடு வேறு கிடையாது. என் முயல்களை யாரும் சீந்தவில்லை.

ஒரு பிப்ரவரியில், வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்த வெண்டல் அப்படியே மண்வாரியோடு உட்கார்ந்துவிட்டார். இதயம் பலவீனமாகிவிட்டது, உடம்பில் தண்ணீர் தங்குகிறது, உப்பைத் தொடக்கூடாது, தண்ணீரை வெளியேற்ற ஒரு மாத்திரை என்று டாக்டர் சொன்னார். அந்த வாரம் முயலைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவருடைய பூட்ஸை நான்தான் கழற்றினேன், உள்ளே பனி இருந்தது, அவர் பாதத்தின் மேலேயே இருந்தும் அது உருகவில்லை. அவ்வளவுதான் கடிதம்.

அனுப்பிய அன்றைக்கே டெஸா கூப்பிட்டாள்.

"லோர்னா, என்ன எழுதிட்டீங்க! இங்க ஆபீஸ்ல எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். திறக்காதவங்களே இல்ல. பழைய புஸ்தகத்துக்கெல்லாம் ஆர்டர் கொட்டுது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆமா, வெண்டல் எப்படி இருக்கார்?" என்று கேட்டாள்.

எது முதலில், எது அப்புறம் என்று அவள் கேட்ட வரிசையை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் மனதுக்குள் அதே வரிசைதான் இருந்தது.

அப்புறம் வந்தன பதில்கள். கணவனைப் பறிகொடுத்தவர்கள், மகனைப் பறிகொடுத்தவர்கள், படுக்கையில் கிடக்கும் தாயை வைத்துக்கொண்டு தூங்காமல் இருப்பவர்கள். நான் ஒவ்வொருவருக்கும் என் கையாலேயே பதில் எழுதினேன். ஒன்பதாவது புத்தகம் வெளிவந்தபோது மினியாப்பொலிஸ் நூலகத்தில் நிற்க இடமில்லை. சக்கர நாற்காலியில் வெண்டலை உள்ளே தள்ளிக்கொண்டு வந்ததும் அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள். அவர் என் பக்கம் சாய்ந்து, "இதுக்கே இப்படின்னா, செத்திருந்தா இன்னும் பெரிய ஹாலாக் குடுத்திருப்பான்," என்றார். அவருடைய நகைச்சுவை அப்படி. நான் சிரித்தேன். அன்று ராத்திரி முழுக்க அந்தக் கைதட்டல் என் காதை விட்டுப் போகவில்லை.

கோடைக்குள் அவருக்கு உடம்பு தேறிவிட்டது. படகில் போய் மீன் பிடித்தார். நான் மனம் நிறைந்து அதை எழுதினேன். மிக்க மகிழ்ச்சி என்று ஒரு வரி எழுதிவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். அவர் முகத்தில் ரத்தம் ஊற ஊற, கடிதத்தைத் திறக்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். சௌக்கியமாக இருக்கிற கணவனைப் பற்றி நாலு பக்கம் யார் படிப்பார்கள்? எனக்கே படிக்கப் பிடிக்காது.

அந்த நவம்பரில், நன்றி அறிவிப்பு நாள் விருந்துக்கு வான்கோழி சுட்டேன். அவருக்கு மட்டும் உப்பில்லாத குழம்பு தனியாக வைத்திருந்தேன். அவர் என்னுடைய கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பனி உருகட்டும்னு இந்தக் கவுண்டி ரோட்டுக்கெல்லாம் லாரி லாரியா உப்புக் கொட்டினவன் நான். எனக்கு ஒரு சிட்டிகை கிடையாதா, எழுத்தாளரம்மா?"

என் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். இரண்டு நாளில் கால் வீங்கி, செருப்புக்குள் நுழைய மறுத்தது. அதைப் பற்றி எழுதிய கடிதம் நல்ல கடிதம். பத்தாவது புத்தகம் அப்போதுதான் கடைக்கு வந்திருந்தது. இதில் என் தவறு எங்கே என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆசைப்பட்டுக் கேட்டவருக்குக் கொடுத்தேன், அவ்வளவுதானே?

உப்புக்குப் பதிலாகத் தூவிக்கொள்ள ஒரு பொடி விற்கிறார்கள், நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாக்கில் பட்டால் கசக்கும். வெண்டல் அதைத் தூவும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார். அடுத்த வசந்தத்தில் ஒரு நாள் முட்டைமேல் தூவிச் சாப்பிட்டுவிட்டு முகம் மலர்ந்தார்.

"அடடே, கம்பெனிக்காரன் பொடியை மாத்திட்டான் போலிருக்கே. இப்ப நெசமான உப்பு மாதிரியே இருக்கு!"

இப்போதெல்லாம் நன்றாகச் செய்கிறார்கள் என்று நான் சொன்னேன். டப்பா பழைய டப்பாதான். உள்ளே இருந்ததைத்தான் மாற்றியிருந்தேன்.

வருஷம் முழுக்க இதைச் செய்தேன் என்று யாராவது சொன்னால் அது அவதூறு. புத்தகம் வரும் பருவத்தில் மட்டும்தான். மற்ற மாதங்களில் அவரை நான் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. டாக்டரே அதைச் சொல்லுவார். காய்கறியை ஆவியில் வேகவைத்துக் கொடுப்பேன். மாத்திரை டப்பாவின் அறைகளை நானே நிரப்பி வைப்பேன். கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் நடக்கவைப்பேன். தேறி வருவார். தேறவேண்டும்தான், அடுத்த புத்தகம் வரும்போது அவரால் தாங்க முடிய வேண்டும் அல்லவா?

தொழில் தெரிந்தவர்கள் கடிதத்தை அந்தந்த வாரம் எழுத மாட்டார்கள். முன்கூட்டியே எழுதி, தேதி போட்டு, வரிசையில் வைத்துவிடுவார்கள். நாள் வந்ததும் அது தானாகப் போகும். நானும் அப்படிப் பழகிக்கொண்டேன். அதில் ஒரு சங்கடம் உண்டு. பாதம் வீங்கியிருக்கிறது என்று வரப்போகும் கடிதத்தில் எழுதியிருந்தால் அந்த வாரம் பாதம் வீங்கியிருக்க வேண்டும். படுக்க முடியாமல் சாய்வு நாற்காலியில் தூங்குகிறார் என்று எழுதியிருந்தால் அவர் நாற்காலிக்கு வந்திருக்க வேண்டும். சில சமயம் பொடி மட்டும் போதவில்லை. அப்போது மாத்திரை டப்பாவில், தண்ணீரை வெளியேற்றும் மாத்திரை இருக்க வேண்டிய அறையில், பார்வைக்கு அதே மாதிரி இருக்கிற சத்து மாத்திரையை வைத்தேன்.

அந்த நாட்களில் அவர் மூச்சுக்கு ஒரு சத்தம் இருந்தது. டம்ளரில் கடைசித் துளியை ஸ்ட்ராவால் உறிஞ்சுகிற மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் என் மேசை. அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குக் கை ஓடும். நின்றுவிட்டால் எழுந்துபோய்ப் பார்ப்பேன். இப்போது இந்த அறையிலும் அது கேட்கிறது. ஹீட்டர் சத்தம் என்கிறீர்கள். இருக்கலாம்.

போன டிசம்பரில் டெஸா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். "திறக்கிறவங்க கொஞ்சம் கொஞ்சமாக் கம்மியாகறாங்க, லோர்னா. கடிதம் நல்லாத்தான் இருக்கு. ஆனா போன வருஷமும் இதேதானேன்னு நினைக்கிறாங்களோ என்னவோ."

அவள் எதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அந்தப் பெண்ணை நீங்கள் இதில் இழுக்கக்கூடாது. ஆனால் அவள் சொன்னது சரி. கதை என்றால் எங்கேயோ போய்ச் சேர வேண்டும். நோயாளியை நாலு வருஷம் நோயாளியாகவே வைத்திருந்தால் எந்த வாசகருக்கும் சலித்துப்போகும். என்னுடைய வழக்கம், நாவலின் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் எழுதுவேன். ஜனவரியில் உட்கார்ந்து கடைசிக் கடிதத்தை எழுதினேன். மே மாத விடியற்காலை. ஜன்னல் திறந்திருக்கிறது. ஏரியில் லூன் பறவை கூப்பிடுகிறது. அவர் கை என் கையில் இருக்கிறது. தூக்கத்திலேயே போய்விடுகிறார். நான் எழுதியதிலேயே சிறந்த பக்கம் அதுதான். எழுதும்போது நான் அழுதேன். அவர் அப்போது உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். பசியோடு வருவாரே என்று எழுந்துபோய்ச் சமையலைப் பார்த்தேன்.

புதுப் புத்தகம் மே மாதம் வருவதாக இருந்தது. பதிப்பகத்தில் யாருடைய புத்தகமோ தள்ளிப்போய், என்னுடையதை மார்ச் கடைசிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டெஸா உற்சாகமாகக் கூப்பிட்டு, கடிதங்களையும் அதற்கேற்ப முன்னால் நகர்த்திவிட்டதாகச் சொன்னாள். வரிசை முழுவதையும் ஒரே பொத்தானில் நகர்த்தலாம், ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியதில்லை. நோய்க் கடிதங்கள் முந்தின. நானும் அடுப்படியில் முந்திக்கொண்டேன். கடைசிக் கடிதம் அந்த வரிசையில் இல்லை, அதை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது வரிசையில்தான் இருந்தது. நான் செய்த ஒரே பிழை அதுதான், மிஸ்டர் ஹாகன்.

ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை பத்து மணிவாக்கில் வாசல் மணி அடித்தது. நான் என் அறையில் இருந்தேன். வெண்டல் மூச்சு வாங்க நடந்துபோய்க் கதவைத் திறந்தார். பக்கத்து வீட்டு ஆர்டிஸ் நின்றுகொண்டிருந்தாள், கையில் துணி போட்டு மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் சுடச்சுடச் சாப்பாடு.

"வெண்டல்!" அவள் குரல் கிறீச்சிட்டது. "நீ செத்துல்ல போயிட்டே!"

"அப்படியா? எனக்கு யாரும் சொல்லலியே," என்றார் வெண்டல். "கையில என்ன, ஹாட்டிஷா? என் சாவுக்குக் கொண்டாந்ததா? அப்ப அது எனக்குத்தான் சேரணும், குடு இங்க."

ஆர்டிஸ் படியில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். நான் போய்ப் பார்த்தபோது தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"காலைல வந்துச்சு. படிச்சுட்டு அப்படியே அடுப்பைப் பத்த வெச்சுட்டேன், சாவு வீட்டுக்கு வெறுங்கையோட வர முடியுமா? படிக்கும்போதே ஒரு மாதிரி இருந்துச்சு லோர்னா. ஏரி இன்னும் கல்லு மாதிரி உறைஞ்சு கெடக்கு. ஐஸ் உருகித் தண்ணி தெரிஞ்சாத்தானே லூன் வரும், அது எங்கேர்ந்து வந்து கத்துச்சுன்னு."

நாவலில் வருகிற ஒரு பக்கத்தை நியூயார்க்கில் தவறுதலாக அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னேன். நம்பினாள். நாவலில் வெண்டல் என்று யாருமே கிடையாது என்பது அவளுக்கு உறைக்கவில்லை, அன்றைக்கு உறைக்கவில்லை. சனிக்கிழமை உங்களிடம் வந்து சொன்னது அவள்தான் என்று தெரியும். நல்ல பெண், எனக்கு வருத்தமில்லை.

அவள் போனதும் டெஸா கூப்பிட்டாள். முதலில் விம்மினாள். அவர் உயிரோடு இருக்கிறார் என்றதும் கத்தியே விட்டாள்.

"ஐயோ கடவுளே, ஒரு வரி போதும் லோர்னா, உசுரோட இருக்கார்னு ஒரே ஒரு வரி அனுப்பிடுங்க. எல்லாரும் எவ்வளவு சந்தோஷப்படுவாங்க!"

அனுப்பத்தான் உட்கார்ந்தேன். அவர் உயிரோடு இருக்கிறார் என்று எழுதினேன். எழுதிப் பார்த்தால் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. ஒருவரைச் சாகடித்துவிட்டு, இல்லை இல்லை பிழைத்துவிட்டார் என்று திருப்பினால் வாசகர்கள் புத்தகத்தைச் சுவரில் எறிவார்கள், இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் பதில்கள் வந்து குவிய ஆரம்பித்துவிட்டன. நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் பெண்கள் தங்கள் சொந்தச் சாவுகளை எனக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அழுததெல்லாம் வீண் என்று அவர்களிடம் போய்ச் சொல்ல யாருக்கு மனம் வரும்? பிறகு அனுப்புகிறேன் என்று டெஸாவிடம் சொன்னேன்.

வெண்டலுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. மடிக்கணினியைச் சமையலறை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதக் கேளு எழுத்தாளரம்மா. ஒஹாயோலேர்ந்து ஒரு அம்மா எழுதியிருக்கு. 'வெண்டல், அங்கே என் எல்மரைப் பார்த்தால், கேரேஜ் கதவைச் சரிபண்ணிவிட்டேன், இனி அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.' இந்த எல்மரை நான் எங்கன்னு போய்த் தேடறது?" சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அடுத்ததைப் படித்தார். "'என் மகன் டேரிலுக்கு நீச்சல் தெரியாது. அங்கே ஏரி இருந்தால் அவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.'"

அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. மேலும் பலவற்றை வாய்விட்டுச் சொல்லாமல் படித்தார். எல்லாம் அவருக்கு எழுதியவை. எல்லாம் யாருக்காவது ஏதாவது சொல்லச் சொல்லி. பிறகு என் கடிதத்துக்கு வந்தார். மெதுவாகத்தான் படிப்பார், உதடு அசையும்.

"நல்லா எழுதியிருக்கே," என்றார். "எப்ப எழுதினே இதை?"

எனக்கு அலுப்பாக இருந்தது. ஜனவரி என்று உண்மையையே சொன்னேன்.

"ஜனவரில நான் ஐஸ்ல உக்காந்து மீன் பிடிச்சுட்டிருந்தேன்."

முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் பொடி டப்பா இருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் கொட்டி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். ஆயுசு முழுக்க உப்போடு வேலை செய்த மனிதர். என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பனியில் வண்டி வழுக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பாரே, அந்த முகம்.

"லோர்னா," என்றார். பெயர் சொல்லி அவர் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. "டுலூத்துல இருக்கற மார்னாவுக்குப் போன் போடு. வந்து என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லு."

மார்னா அவருடைய தங்கை. அவர் தனக்கென்று போன் வைத்துக்கொள்ளாதவர், வீட்டுப் போன் என் அறையில் இருந்தது. எழுந்து நாலு அடி வைத்தால் மூச்சு முட்டுகிறவர், பனிப்பாறையாகக் கிடக்கும் வாசலைத் தாண்டி எங்கே போவார்? நான் அறைக்குள் போனேன், போனை எடுத்தேன், யாருக்கும் போடாமல் அதன் வெறும் ரீங்காரத்தோடு கொஞ்ச நேரம் பேசினேன். திரும்பி வந்து, ரோடெல்லாம் வழுக்குகிறதாம், வெள்ளிக்கிழமை காலையில்தான் வர முடியுமாம் என்றேன்.

"உப்புப் போட்டிருப்பாங்களே," என்றார் வெண்டல்.

அன்றிலிருந்து அவர் என் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. நான் வைத்த சூப், நான் வெட்டிய ஆப்பிள், எதையும் தொடவில்லை. ஆர்டிஸ் கொண்டுவந்த ஹாட்டிஷைத்தான் சாப்பிட்டார். செவ்வாய், புதன், வியாழன், பாத்திரத்திலிருந்து தானே எடுத்து, தானே சூடு பண்ணி. அது பக்கத்து வீட்டில் செய்தது, அதில் என் கை படவில்லை என்ற நம்பிக்கை. ஹாட்டிஷ் எப்படிச் செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும், மிஸ்டர் ஹாகன். ரெண்டு டப்பா காளான் சூப், ஒரு பை உருளைக்கிழங்கு வறுவல், மேலே சீஸ். அத்தனையும் உப்பு. டப்பா சூப் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் அடுப்படிப் பக்கமே வராத மனிதருக்கு ஹாட்டிஷுக்குள் இருப்பது டப்பா சூப் என்று எப்படித் தெரியும்? நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் அவ்வளவு ருசித்துச் சாப்பிட்டார். மாத்திரையும் நான் எடுத்துக் கொடுத்தால் வாங்கவில்லை, தானே டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்த டப்பாவை நிரப்பியது யார் என்று யோசிக்க அவருக்கு ஏனோ தோன்றவில்லை.

வியாழக்கிழமை ராத்திரியே மார்னா வருவாள் என்று பெட்டியை வாசலருகே வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் சாய்வு நாற்காலியிலிருந்து கூப்பிட்டார். முதலில் என் பெயரை. பிறகு ஆர்டிஸ் பெயரை. பிறகு மார்னா என்று. பிறகு பெயர் எதுவும் இல்லை, அந்த மூச்சு மட்டும். நான் சுவருக்கு இந்தப் பக்கம் பதில்கள் எழுதிக்கொண்டிருந்தேன். இத்தனை பேர் இவ்வளவு எழுதியிருக்கும்போது கண்டும் காணாமல் இருக்க முடியுமா? டேரிலின் அம்மாவுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கவலைப்படாதீர்கள், வெண்டல் நன்றாக நீந்துவார், உங்கள் பிள்ளையைக் கையைவிட்டு விடமாட்டார் என்று எழுதினேன். அதை எழுதி முடிக்கும்போது அந்தப் பக்கம் சத்தம் நின்றிருந்தது. ஆம்புலன்ஸை நான் கூப்பிடவில்லை. போன் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

போய் அவர் கையை என் கையில் எடுத்துக்கொண்டேன். ஜன்னலைத் திறந்தேன். பல் கிட்டுகிற குளிர் உள்ளே வந்தது. ஏரி வெள்ளை வெளேரென்று கிடந்தது, கரையிலிருந்து கரைவரை ஒரு பொட்டுத் தண்ணீர் கிடையாது. அப்போது லூன் கூப்பிட்டது. உறைந்த ஏரியில் அது எப்படி வரும் என்று ஆர்டிஸ் கேட்பாள், நீங்களும் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. கூப்பிட்டது, அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் விடிகிற நேரத்தில் கூப்பிடுகிறது. நீங்கள் என்னை வைத்திருக்கிற அறைக்கு ஜன்னலே இல்லை, அங்கேயும் கேட்கிறது. லூன் கூப்பிடுவது மனிதக் குரல் மாதிரி இருக்கும் என்பார்கள். முதலில் நீளமாக ஒன்று, பிறகு சின்னதாக ரெண்டு. என் பெயரைப் போலத்தான் இருக்கிறது, முழுசாக வாய்க்கு வராமல். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிறேன். அதற்குக் காதை அடைத்துப் பிரயோஜனமில்லை என்று கண்டுகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை போன கடிதத்தில் அவர் இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறதே, வெள்ளிக்கிழமைவரை அவர் உயிரோடு இருந்தாரே என்று அந்தத் தேதிகளையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கடிதம் இதோ உங்கள் மேசையில்தான் இருக்கிறது, வரி வரியாகப் பாருங்கள். விடியற்காலை என்று இருக்கிறது, விடியற்காலைதான். ஜன்னல் திறந்திருந்தது. கை என் கையில் இருந்தது. பறவையை நான் என் காதால் கேட்டேன். என்னை நம்பி அழுதவர்கள் அவர்கள், மிஸ்டர் ஹாகன், அவர்களிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னது கிடையாது. கடிதம் கொஞ்சம் முந்திப் போய்விட்டது. நான்தான் பின்னாலேயே ஓடிப்போய் அதை உண்மையாக்கினேன்.